சுஸ்லான் 2022 உரிமைப் பங்கு வெளியீடு: சிறு பங்குதாரர் பார்வையில் ஒரு மதிப்பீடு

2022 அக்டோபர் 11 முதல் 20 வரை நடைபெற்ற காற்றாலைத் தயாரிப்பு நிறுவனமான சுஸ்லான் எனர்ஜியின் உரிமைப் பங்கு வெளியீட்டை (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கே புதிய பங்குகளை வாங்கும் முதல் உரிமை தரும் வெளியீடு) ஒரு முதலீட்டுத் திட்டமாக எடைபோட்டால், அதன் விலை நியாயமானது, அமைப்பும் நேர்மையானது. அது சிறு பங்குதாரர்களைச் சென்றடைந்த விதம் மட்டும் குறையுடையது என்பதே என் முடிவு.

ஏற்கெனவே வைத்திருந்த ஒவ்வொரு 21 பங்குகளுக்கும் 5 புதிய பங்குகள், ஒன்றின் விலை 5 ரூபாய் என்ற கணக்கில் 240 கோடி பங்குகளை வெளியிட்டு 1,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. விண்ணப்பிக்கும்போது பாதித் தொகையான 2.50 ரூபாய் செலுத்தினால் போதும். மீதியை நிறுவனம் பின்னர் கேட்டுப் பெற்றது. திரண்ட பணத்தில் பெரும்பகுதி கடனை அடைக்கவே போனது. வெளியீடு தொடங்கப் பத்து நாட்களுக்கு முன், அக்டோபர் 1 அன்று, நிறுவனர் துளசி தந்தி மறைந்தார். அப்படியிருந்தும் வெளியிட்ட அளவைத் தாண்டி விண்ணப்பங்கள் வந்தன.

பங்குதாரர்களிடையே எழுந்த விவாதம் இரண்டு கேள்விகளைச் சுற்றியே இருந்தது. முதலாவது, பங்கு நீர்த்துப்போவது. சுமார் 1,008 கோடியாக இருந்த பங்குகள் 1,248 கோடியாகப் பெருகும்போது, விண்ணப்பிக்காதவரின் பங்குவீதம் ஐந்தில் ஒரு பகுதி அளவுக்குக் குறைந்துவிடும். 2,100 பங்குகள் வைத்திருந்தவரை எடுத்துக்கொள்வோம். சந்தை விலை 8 ரூபாய் என்று கொண்டால், பழைய பங்குகளையும் 5 ரூபாய்ப் புதிய பங்குகளையும் எண்ணிக்கைப்படி சேர்த்துச் சராசரி கண்டால் வரும், வெளியீட்டுக்குப் பிந்தைய கோட்பாட்டு விலை 7.42 ரூபாய், அவருடைய பழைய பங்குகளின் மதிப்பில் ஏறத்தாழ 1,200 ரூபாய் குறைகிறது. புதிய பங்கை 5 ரூபாய்க்கு வாங்க அவருக்குக் கிடைக்கும் 500 உரிமைகளின் மதிப்பும் ஏறத்தாழ அதே தொகைதான். ஆகவே உரிமையைப் பயன்படுத்தினாலும் சரி, சந்தையில் விற்றாலும் சரி, கணக்கு நேராகிவிடுகிறது. இரண்டையும் செய்யாமல் விட்டவருக்குத்தான் நட்டம்.

என் குறை இங்கேதான். உரிமைகள் தற்காலிகமாக, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. அவற்றைச் சந்தையில் விற்பதற்கான கெடு, வெளியீடு முடிவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் விண்ணப்பிக்காவிட்டால் அவை காலாவதியாகிவிடும். கணக்கில் புதிதாக ஏதோ தெரிகிறதே என்று பார்த்துவிட்டு, இலவசமாக வந்த போனஸ் பங்கு என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இது. பங்கு வாங்கவும் விற்கவும் ஒரே தட்டலில் முடித்துப் பழகியவர், இதற்கு மட்டும், விண்ணப்பத் தொகையை வங்கிக் கணக்கிலேயே முடக்கிவைக்கும் ஏஎஸ்பிஏ வசதியைத் தேடி வங்கிக்குப் போக வேண்டும். பகுதி செலுத்திய பங்குகளுக்கு மீதித் தொகை கேட்கும் அறிவிப்பைக் கவனிக்கத் தவறினால், பங்கே பறிமுதலாகும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது கேள்வி, தொழிலின் எதிர்காலம். சந்தேகப்பட்டவர்களிடம் வலுவான காரணங்கள் இருந்தன. 2012 இல் வெளிநாட்டு நாணயத்தில் வெளியிட்ட, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன்பத்திரங்களுக்கான தொகையைத் திருப்பிச் செலுத்தத் தவறிய நிறுவனம் இது. 2015 இல் ஜெர்மானியத் துணை நிறுவனமான சென்வியானை விற்றது. அதே ஆண்டு சன் பார்மா மருந்து நிறுவனத்தின் நிறுவனர் திலீப் சாங்வி தரப்பு ஒரு பங்குக்கு 18 ரூபாய் வீதம் 1,800 கோடி ரூபாய் முதலீடு செய்தது. அந்த 18 ரூபாய்தான் ஏழு ஆண்டுகளில் 5 ரூபாய் வெளியீட்டு விலையாக இறங்கியிருந்தது. 2017 இல் காற்றாலை மின்சாரம் ஏல முறைக்கு மாறி, கொள்முதல் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாய் என இறங்கியதும் விசையாழித் தயாரிப்பாளர்களை நெருக்கியது. நம்பிக்கை வைத்தவர்கள் சுட்டிக்காட்டியது பராமரிப்புச் சேவையை: முப்பந்தல் முதல் குஜராத் வரை நாடெங்கும் நிறுவிய 13,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகளைப் பராமரிப்பதில் வரும் வருமானம், புதிய ஆர்டர்கள் வறண்ட காலத்திலும் நிற்கவில்லை. வட்டிச் சுமை குறைந்தால் அந்த வருமானம் பங்குதாரர் கைக்கு மிஞ்சும் என்ற வாதமே எனக்குக் கூடுதல் எடை உடையதாகப் படுகிறது.

2023 ஆகஸ்டில், கியூஐபி எனப்படும் நிறுவன முதலீட்டாளர்களுக்கான பங்கு விற்பனை வழியாக 2,000 கோடி ரூபாயை 17.55 ரூபாய் விலையில் நிறுவனம் திரட்டியது. சுமார் 114 கோடி புதிய பங்குகள் என்பதால் நீர்ப்பு முந்தையதில் பாதிகூட இல்லை, விலையோ மூன்றரை மடங்கு. ஆனால் அந்த வெளியீடு நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே; சிறு பங்குதாரருக்கு அதில் விண்ணப்பிக்கும் உரிமையும் இல்லை, விற்றுக் காசாக்க உரிமைச் சீட்டும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே, இத்தனை குறைகளோடும் 2022 வெளியீட்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.