ஃபுளோரன்ஸா, பெருஜியாவா? இத்தாலியக் குடும்பத்தோடு ஒரு கோடை

முதல் கோடை ஃபுளோரன்ஸில் ஒரு வீட்டில். அடுத்த கோடை பெருஜியாவில் ஒரு வீட்டில். இரண்டும் நான்கு வாரம். இரண்டும் மொழிப்பள்ளி பார்த்துக் கொடுத்த குடும்பங்கள். காலையுணவும் இரவுணவும் வீட்டில், பகலுணவு அவரவர் பாடு. இதற்கு மெஸ்ஸா பென்சியோனே என்று பெயர். காகிதத்தில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் வேறுபாடே தெரியாது. உஃபிஸி அருங்காட்சியகம் இருக்கும் ஊரை விட்டுவிட்டு மலைமேல் ஒரு நடுத்தர ஊருக்கு யாராவது போவார்களா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இன்று யாராவது கேட்டால், சுற்றிப் பார்க்க ஃபுளோரன்ஸ், குடியிருக்கப் பெருஜியா என்று தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஃபுளோரன்ஸ் என்றதும் மனதில் வரும் படம் பேராலயத்தின் செங்கல் நிறக் கூரையும் ஆர்னோ ஆற்றின்மேல் பழைய பாலமும். அந்தப் படத்துக்குள் உங்களுக்கு வீடு கிடைப்பது அரிது. நகரின் மையத்தில் இருந்த குடும்பங்களில் பல வெளியேறிவிட்டன. அவர்களுடைய வீடுகளில் இப்போது மூன்று நாள் பயணிகள் தங்குகிறார்கள். பழைய நகர்ப்பகுதியில் புதிதாக இப்படி வாடகைக்கு விடக்கூடாது என்று 2023-இல் மாநகராட்சியே முடிவெடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. ஆகவே மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் கம்போ தி மார்த்தே, கவினானா, இசொலோத்தோ போன்ற வெளிப்பகுதிகளில்தான் அதிகம். என் வீடு இசொலோத்தோவில். 1950-களில் எளிய குடும்பங்களுக்காக எழுப்பிய குடியிருப்பு. மரங்கள் அடர்ந்த அமைதியான இடம்தான். ஆனால் நாள்தோறும் டிராமில் போய் டிராமில் திரும்ப வேண்டும். மாலையில் ஊருக்குள் ஓர் எட்டு நடந்துவிட்டு வரலாம் என்பதெல்லாம் நடக்காது.

பெருஜியாவில் ரோமானியருக்கு முந்தைய எத்ருஸ்கர் காலத்துக் கல் வளைவைத் தாண்டினால் கோர்சோ கரிபால்தி என்ற சரிவான தெரு. அங்கே மூன்றாம் மாடியில் என் அறை. லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிய முதல் நாள் ஃபுளோரன்ஸை நினைத்துப் பெருமூச்சு விட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரே படிக்கட்டுதான். ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத சிறு பெட்டிகளாக மினிமெட்ரோ மேலே ஏறுகிறது. இன்னொரு பக்கம் நகரும் படிகள், ரோக்கா பவுலீனா என்ற கோட்டையின் வயிற்றுக்குள் புகுந்து வருகின்றன. 1540-இல் உப்பு வரியை எதிர்த்து எழுந்த ஊரை அடக்கியபின், போப் மூன்றாம் பவுல் அந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்தின் வீடுகளையும் தெருக்களையும் அப்படியே மூடி, அவற்றின்மேல் எழுப்பிய கோட்டை அது. மண்ணுக்கடியில் புதைந்த அந்தத் தெருக்கள் வழியாகத்தான் இன்று மக்கள் காய்கறிப் பையோடு போய் வருகிறார்கள்.

வெயிலில் இரண்டு ஊரும் ஒன்றல்ல. ஃபுளோரன்ஸ் குன்றுகள் சூழ்ந்த பள்ளம். ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டிய பிறகு இரவிலும் காற்று அசையாது. பெருஜியா ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலில் காய்ந்தாலும் இரவில் மெல்லிய போர்வை தேவைப்பட்டது. இரண்டு வீட்டிலும் ஏசி இல்லை. காலை பத்து மணிக்கே மரச்சட்ட ஜன்னல் கதவுகளைச் சாத்தி வீட்டை இருட்டாக்கிவிடுகிறார்கள். வெக்கை என்றால் ஜன்னலைத் திறந்து பழகிய கை, முதல் வாரம் போய்ப் போய்த் திறந்தது. சிஞோரா, அதாவது வீட்டம்மா, வந்து வந்து சாத்தினார். ஈரத்தலையோடு வெளியே போகாதே, காற்றடித்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்ற எச்சரிக்கையும் இரண்டு வீட்டிலும் கேட்டேன். எங்கள் பாட்டி இத்தாலிய மொழியில் பேசுவதுபோல் இருந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் சில விஷயங்கள் ஒன்றுதான். குளியலறையில் கழுவிக்கொள்ள பிதே என்ற தாழ்வான தொட்டி இருக்கும். 1975-இலிருந்து வீட்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஐரோப்பாவில் சொம்புக்கு ஏங்கும் நம்மவர்களுக்கு இதுவே ஒரு வரவேற்பு. வீட்டு மின்இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். மின்னடுப்பில் கத்தரிக்காய் வெந்துகொண்டிருந்தபோது நான் ஹேர் டிரையரைப் போட, வீடு முழுவதும் இருண்டது. சிஞோரா ஒரு சொல்லும் சொல்லாமல் டார்ச் விளக்கோடு மூன்று மாடி இறங்கி மீட்டர் பெட்டியைத் தட்டிவிட்டு வந்தார். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலாம்.

சாப்பாட்டு மேசையில்தான் தராசு உண்மையில் சாய்ந்தது. ஃபுளோரன்ஸ் வீட்டில் நல்ல மனிதர்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டு முழுவதும் மாணவர்கள் வந்து போகும் வீடு அது. என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எட்டு மணிக்கு உணவு, எட்டே முக்காலுக்கு மேசை சுத்தம். நான் இத்தாலிய மொழியில் தடுமாறினால் அந்த வீட்டம்மா உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இரக்கம்தான், ஆனால் நான் பணம் கட்டியது அந்த இரக்கத்துக்கு அல்ல. போதாக்குறைக்கு அந்த ஊர்ப் பேச்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் ககரம் ஹகரமாகிவிடும்: ‘லா காசா’ என்று வகுப்பில் படித்த வீடு, மேசையில் ‘லா ஹாசா’ ஆனது.

பெருஜியா சிஞோராவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வீட்டில் நான் ஒருத்தி மட்டும். சாப்பாடு ஒன்றரை மணி நேரம் ஓடும். அவர் என்னை ஒருமையில் அழைப்பார். நான் அவரை லேய் என்று மரியாதையோடு அழைப்பேன். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் குழம்பும் இந்த இடத்தில், நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். இரவுணவுக்குப் பின் கோர்சோ வன்னூச்சியில் ஊர் முழுவதும் மேலும் கீழும் நடக்கும் பஸ்ஸெஜாத்தாவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பத்தடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார்கள். பத்தடிக்கு ஒருமுறை நான் யார் என்று நானே சொல்லியாக வேண்டும். நான்கு வார வகுப்பைவிட அந்தத் தெரு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ரொட்டியில் இரண்டு ஊருக்கும் ஒரே பாவம்: உப்பே போடுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவளுக்கு முதல் கடி அதிர்ச்சி. அந்த 1540 உப்புச் சண்டையின் பிடிவாதம் இது என்று பெருஜியாக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஃபுளோரன்ஸ் ரொட்டியிலும் உப்பில்லையே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். உப்பு தூக்கலான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு தின்றுபார்த்தபின் எனக்கு நியாயம் புரிந்தது. சைவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்றால் சூரைமீன் வரும். மீனும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பெருஜியா இருக்கும், பன்றியிறைச்சிக்குப் பெயர்பெற்ற உம்பிரியா மாநிலத்தில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

சுற்றிப் பார்ப்பதில் ஃபுளோரன்ஸோடு பெருஜியா போட்டி போட முடியாது. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அருங்காட்சியகமும் உஃபிஸியும் ஒரே ஊரில்; இரண்டும் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், அன்று வரிசையும் அதற்கேற்ற நீளம். 18 முதல் 25 வயதுவரை 2 யூரோ என்று பலகையில் பார்த்து மகிழாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கான சலுகை அது, இந்தியக் கடவுச்சீட்டுக்கு முழுக்கட்டணம். ஜூலை 2-இலும் ஆகஸ்ட் 16-இலும் நடக்கும் சியெனாவின் பாலியோ குதிரைப் பந்தயத்துக்கும் ஃபுளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் போவதே எளிது. பெருஜியாவிலிருந்து சியெனா அருகில் இருப்பதுபோல் வரைபடம் ஏமாற்றும்.

பெருஜியாவின் பலம் சனிக்கிழமைகளில் இருக்கிறது. அரைமணிக்கும் குறைவான ரயில் பயணத்தில் அசிசி. அங்கே புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல்கோயில் சுவர்களில் அவருடைய வாழ்க்கை ஓவியங்கள். 1997 செப்டம்பர் நிலநடுக்கத்தில் அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். நொறுங்கிய ஓவியத் துணுக்குகளைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். திரசிமேனோ ஏரியில் படகேறித் தீவுக்குப் போகலாம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியப் படையை மடக்கிய கரை அது. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். ஜூலையில் உம்பிரியா ஜாஸ் விழா நடக்கும் பத்து நாள் மட்டும் பழைய ஊரில் தூக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கடல்தான் வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டுத் தெற்கே லெச்சேவுக்குப் போகலாம். பாதாம்பால் ஊற்றிய ஐஸ் காபிக்காகவே போகலாம் என்பேன். ஆனால் அங்கே வெயில் வேறு ரகம்.

இரண்டே வாரம், ஓவியங்கள்தான் நோக்கம் என்றால் ஃபுளோரன்ஸ். அதற்குக் குடும்பம் தேவையில்லை, டிராம் தடத்தில் ஓர் அறை போதும். ஒரு மாதம் என்றால் பெருஜியா. எதுவானாலும் ஆகஸ்ட் 15, ஃபெர்ரகோஸ்தோ என்ற பொது விடுமுறையை மறக்காதீர்கள். அந்த வாரம் கடைகள் மூடிக்கிடக்கும், குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்விடும். என்னோடு படித்த ஒருவரிடம் வீட்டுச் சாவியையும் உறைநிலைப் பெட்டியில் பத்து லசான்யாவையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஆகஸ்ட் 10 முதல் 20 வரை வீட்டில் ஆள் இருப்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள். அதே கடிதத்தில் இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரைத் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் அந்த வீட்டார் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.