டயரைக் கழற்றினால் தெரிந்துவிடும்: ஜிடி-ஆர், டைப் ஆர், ஜிஆர்86, மைவி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவில் டயர் கடை வைத்து இருபது வருடம் ஓடிவிட்டது. கேமரன் மலைக்கு ஏறுகிற 59ஆம் எண் சாலை எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. வார நாளில் தோட்டத்து லோரியும் டிராக்டரும் வரும். சனி, ஞாயிறானால் கோலாலம்பூர் பக்கத்து விலை உயர்ந்த வண்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நாலு டயரையும் கழற்றித் தரையில் வரிசையாகப் படுக்க வைத்தால் போதும், ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். ஜாதகக் கட்டம் மாதிரி.

போன தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் சம்பளம். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"மாமா, ஜப்பான்ல ஓடி இங்க இறக்குமதியான ரீகண்ட் நிஸ்ஸான் ஜிடி-ஆர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இல்லன்னா ஹோண்டா சிவிக் டைப் ஆர். டோயோட்டா ஜிஆர்86-உம் மனசுல இருக்கு. எதை எடுக்கட்டும்?"

"இப்ப என்ன ஓட்டுற?"

"மைவிதான்." நம் ஊர் பெரோடுவாவின் சின்னக் கார்.

"அதுல எத்தனை தடவை வளைவுல தப்புப் பண்ணியிருக்க?"

ஒரு தடவைகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னான். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தப்பே பண்ணாதவனுக்கு வண்டி கைவிட்டுப் போகும்போது எப்படி இருக்கும் என்றே தெரியாது.

குதிரைத்திறன் எனக்கு இரண்டாம்பட்சம். நாம் தப்புப் பண்ணும்போது வண்டி என்ன செய்யும், எந்த வேகத்தில் செய்யும், செய்வதற்கு முன்னால் ஏதாவது சொல்லுமா என்பதை வைத்துத்தான் நான் எடை போடுவேன்.

முதலில் ஜிடி-ஆர். நிஸ்ஸான் 2007இல் ஆர்35-ஐ இறக்கியபோது அதன் 3.8 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜினுக்கு 480 குதிரைத்திறன். பிற்பாடு வந்த சாதாரண மாடல்கள் 570 வரை போயின. எடை 1,740 கிலோ. நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும், எதற்கு எவ்வளவு என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். யார் மிதித்தாலும் நேராகப் பாயும். நெடுஞ்சாலையின் உச்சவரம்பான 110-ஐத் தொட அதற்கு 5 விநாடிகூட வேண்டாம். சிக்கல் என்னவென்றால், சாதாரணச் சாலையில் அதன் பிடி விடவே விடாது. மற்ற வண்டிகள் எப்போதோ சறுக்கியிருக்கும் வேகத்திலும் அது தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். ஓட்டுகிறவர் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்ப ஆரம்பித்துவிடுவார். பிடி விடுகிற அந்த முதல் தடவை 150, 160-இல் வரும். 80-இல் சுமக்கிற ஆற்றலைப் போல நாலு மடங்கை வண்டி 160-இல் சுமந்துகொண்டிருக்கும். பாடம் படிக்கிற இடமா அது?

ஒரு ஜிடி-ஆரின் டயரை மாற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின் டயர் இரண்டும் நடுவில் மொட்டை. ஆனால் தோள் பக்கத்தில், புது டயரில் முளைத்திருக்குமே அந்த ரப்பர் முடி, அது அங்கங்கே அப்படியே இருந்தது. காற்று அதிகமாக இருந்தாலும் நடுப்பகுதி தேயும்தான். அளந்து பார்த்தேன், காற்று சரியாகவே இருந்தது. இரண்டு வருடமாக நேர் ரோட்டில் மிதித்திருக்கிறார், அவ்வளவுதான். வளைவில் அந்த வண்டி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. நல்ல மனிதர், தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இன்னொன்று, எங்கள் பேராக் மழை. சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்தால் அரை மணியில் ரோடு குளமாகிவிடும். ஆர்35-இன் பின் டயர் 285 மில்லிமீட்டர் அகலம். காய்ந்த ரோட்டில் அந்த அகலம் வரம். தண்ணீரில் அதுவே வினை, அடியில் மாட்டிய தண்ணீர் விலகுவதற்கு அவ்வளவு தூரம் ஓட வேண்டும். டயரில் வெட்டியிருக்கும் காடியின் ஆழமும் குறைந்துவிட்டால் டயர் மிதந்துவிடும். நாலு சக்கர இயக்கம் இருந்து என்ன பயன்? நாலும் சேர்ந்து மிதக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது. இந்த வண்டிக்கு நான் 3-இலேயே மாற்றச் சொல்லுவேன். ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 5,700 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் என்பதை அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தான். டயர் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. யாருமே சேர்ப்பதில்லை.

டைப் ஆர் அப்படியில்லை. இப்போதைய மாடல் 2023இல் மலேசியாவுக்கு வந்தபோது விலை 4 லட்சம் வெள்ளிக்கு நூறு வெள்ளி குறைவு. 2.0 லிட்டர் டர்போ, 319 குதிரைத்திறன், ஆறு கியர், கிளட்ச் மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். சக்தி முழுக்க முன் சக்கரத்துக்கு. வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டால் மூக்கு வெளியே வழியும், ஸ்டியரிங் லேசாகிவிடும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். எடுத்தால் எடை முன்னே சாயும், முன் டயர் மறுபடி கடிக்கும், வண்டி திரும்பிவிடும். பயத்தில் நாம் செய்வதும் வண்டிக்குத் தேவையானதும் ஒன்றாகிவிடுகிறது. கற்றுக்குட்டிக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. நாலு கதவு, பின்னால் அம்மா அப்பா உட்காரலாம். ரோட் டேக்ஸ் 400 வெள்ளிகூட ஆகாது.

குறையும் உண்டு. 19 அங்குல ரிம், டயர் 265/30. பக்கச்சுவரின் உயரம் வெறும் 8 செண்டிமீட்டர். லோரியிலிருந்து விழுந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை 20 கிலோ கனத்தில் ரோட்டில் கிடக்கும் ஊர் இது. தோட்டத்து மண் சடக்கில் ஒரு பள்ளம் போதும், ரிம் நெளிந்து வரும்.

ஜிஆர்86 பற்றிச் சொல்வதற்கு முன் அப்பா கதை ஒன்று. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். டிரெய்லர் நிறையக் குலையோடு மழையில் செம்மண் மேட்டிலிருந்து இறங்குவார். பிரேக் பக்கமே கால் போகாது. கீழ் கியரில் போட்டு அதன் போக்கில் விட்டுவிடுவார். "பிரேக்கைப் போட்டா பின்னால வர்றது உன்னை முந்திக்கும்டா" என்பார். எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வயதில் புரோட்டோன் கம்பெனியின் பழைய சத்ரியா ஜிடிஐ வாங்கியபோதும் புரியவில்லை. 1.8 லிட்டர் மிட்சுபிஷி இன்ஜின், லோட்டஸ்காரர்கள் சரிசெய்த சஸ்பென்ஷன், 140 குதிரைத்திறன் பக்கம். அந்தக் காலத்தில் அதுவே ராக்கெட்.

லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி, ஈர ரோட்டில் ஒரு வளைவு. உள்ளே போன வேகம் அதிகம். காலைச் சட்டென்று எடுத்தேன். பின்பக்கம் என்னை முந்திக்கொண்டது. வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி, பின் சக்கரம் ரோட்டோரக் கால்வாயான லோங்காங்கில் இறங்கி நின்றது. எதிரே காய்கறி லோரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முன் சக்கர வண்டி எப்படிச் சுற்றியது? காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று புது டயர் இரண்டை முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளியிருந்தேன். இன்றைக்கும் கடையில் இந்தச் சண்டைதான். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும், எந்தச் சக்கரம் வண்டியை இழுத்தாலும் சரி.

ஜிஆர்86-க்கு வருகிறேன். பின் சக்கர இயக்கம், 2.4 லிட்டர், 237 குதிரைத்திறன், எடை 1,300 கிலோவுக்குள். சத்ரியா எனக்கு லோங்காங்கில் சொல்லிக் கொடுத்ததை இது அடிக்கடி, சின்னச் சின்னதாக, குறைந்த வேகத்திலேயே சொல்லும். 2012இல் வந்த முதல் 86-க்கு டோயோட்டா வேண்டுமென்றே 215 அகலத்தில், பிரியஸுக்குப் போட்ட அதே ரக டயரைப் போட்டது. பிடி சீக்கிரம் விட வேண்டும், விடுவது ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கு. டயர் விற்கிற எனக்கே அது பிடித்திருந்தது. ஆனால் மழையில் காலைத் தப்பாக எடுத்தால் பின்பக்கம் வரும். டைப் ஆர் காட்டுகிற பெருந்தன்மையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பின் இருக்கை பை வைக்கத்தான், அக்காவை அதில் உட்கார வைத்தால் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாள்.

அப்படியானால் எது? ஜிடி-ஆர் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். ஜொகூருக்கும் தாப்பாவுக்கும் போய் வரவும் குடும்பத்தை ஏற்றவும் என்றால் டைப் ஆர். ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால் 86. ஆனால் இரண்டுக்கும் முன்னால் அந்த மைவியை சிப்பாங் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோ என்றேன். 1999 முதல் 2017 வரை எஃப்1 ஓடிய அதே பாதை, 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பொது ஓட்ட நாளில் பணம் கட்டி இறங்கலாம். புது பிரேக் எண்ணெய், நாலு நல்ல டயர், ஒரு பயிற்றுநர். சாதாரண இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, ஆகவே முட்டினால் உன் காசு. மைவியை முட்டினால் அழலாம், ஜிடி-ஆரை முட்டினால் வீட்டை விற்கணும்.

முகம் சுருங்கிவிட்டது. "மைவியிலயா மாமா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

மூன்று மாதம் பேச்சே இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பசியாறிவிட்டுக் கடையைத் திறந்தால் மைவி வாசலில் நிற்கிறது. ஜாக்கி போட்டு இடது முன் டயரைக் கழற்றினேன். சிப்பாங் வலப்பக்கச் சுற்று, வலது வளைவு அதிகம், எடை முழுக்க இடது பக்கம்தான் விழும். வெளித் தோள் வழித்துவிட்ட மாதிரி உருண்டிருந்தது, ரப்பர் மணிமணியாகச் சுருண்டு ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அவனும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தடவினான்.

"மூணாவது ரவுண்டுல சுத்திட்டேன் மாமா. கடைசி வளைவுல. பாதி வளைவுல பயந்து பிரேக்கை மிதிச்சுட்டேன், பின்னால இருக்கிறது முந்திக்கிச்சு."

அவனுக்கு அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

"எவ்வளவு வேகம்?"

"எழுபதுகூட இருக்காது."

"சரி, மத்த மூணையும் கழட்டு" என்று ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன்.