கியர் விழாத பழைய டிராக்டர்: ஆயிலா, பெடலா, பிரித்துப் பார்ப்பதா?

பழைய டிராக்டரில் கியர் விழ மறுத்தால் வழிகள் நான்கு: கிளட்ச் பெடலைச் சரிசெய்வது, ஆயில் மாற்றுவது, கியர் பாக்ஸின் மேல்மூடியைத் திறப்பது, வண்டியை இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இரண்டாகப் பிரித்து கிளட்சைப் பார்ப்பது. பெரும்பாலோர் செலவு குறைந்ததில் ஆரம்பித்து வரிசையாகப் போகிறார்கள். அதனால்தான் புது ஆயில் ஊற்றிய பிறகும் அதே கறகற சத்தம் கேட்கிறது. எதில் கை வைப்பது என்று முடிவு செய்ய ஸ்பேனரே வேண்டாம்.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் அரைத்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில். அணைத்த பிறகும் கியர் ராடு இறுகினால் கியர் பாக்ஸ் பக்கம் பாருங்கள். (பல்லோடு பல் முட்டியும் நிற்கலாம்; வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.) அப்புறம், இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுசாக மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்துப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் ஒழுங்காகத்தான் விடுகிறது. உள்ளே சுழலும் ஷாஃப்ட் நிற்க நீங்கள் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பழைய வண்டிகள் பலவற்றில் சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானே சமப்படுத்திச் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. கார் ஓட்டிப் பழகிய கை இங்கேதான் அவசரப்படும்.

கோளாறு கியர் பாக்ஸ் பக்கம் என்றால் போட்டி ஆயிலுக்கும் மேல்மூடிக்கும். காலையில் இறுக்கமாக இருந்து, கொஞ்ச நேரம் வேலை செய்து சூடேறியதும் இளகினால் ஆயில் மேல் சந்தேகப்படலாம். ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர் ராடின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா பாருங்கள், மழைத் தண்ணீருக்கு அது நேர்வழி. மாற்றும்போது மேனுவலில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். கியர் பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியில் கெட்டியான 90 கியர் ஆயிலை ஊற்றினால் பம்ப் திணறும். வெண்கல புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) இருக்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர கியர் ஆயிலை ஊற்றுவதற்கு முன்னாலும் யோசிக்க வேண்டும், அதில் கலந்திருப்பது சில சமயம் வெண்கலத்தை அரிக்கும்.

சூடானாலும் குளிர்ந்தாலும் ஒரே இறுக்கம் என்றால் ஆயிலில் காசைக் கரைக்காமல் மூடியைத் திறப்பதுதான் சரி. கியர் ராடின் நுனி தேய்ந்திருந்தால் அது இரண்டு ரெயிலுக்கு (கியர் மாற்ற முன்னும் பின்னும் நகரும் கம்பிகள்) நடுவே வழுக்கி, ஒரே நேரத்தில் இரண்டு கியரில் மாட்டிக்கொள்ளும். ரெயிலில் துரு, வளைந்த ஃபோர்க் (கியரைத் தள்ளும் கவை), ரெயிலை அந்தந்த கியரில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் சிக்கியிருப்பது எல்லாம் மேலிருந்தே தெரியும். ஒரு நாளில் முடிகிற வேலை. எல்லாவற்றையும் நியூட்ரலில் வைத்துவிட்டுத் திறங்கள். மூடும்போது ஃபோர்க்கோ ராடின் நுனியோ அதனதன் பள்ளத்தில் உட்காராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

கிளட்ச் பக்கம்தான் தீர்மானிப்பது கஷ்டம். பெடலில் ஆட்டம் (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) அதிகமானால் மிதிக்கும் தூரத்தில் பாதி வீணாகும், கிளட்ச் பிளேட் முழுசாக விடாது. பல வண்டிகளில் ஆட்டம் 20 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு ராடைத் திருகிச் சரிசெய்ய அரை மணி போதும், இதை எப்போதும் முதலில் செய்யலாம். ஆனால் கியர் லேசாக விழ வேண்டும் என்று ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிப்பது) ஓயாமல் ஃபிங்கரில் (அது அழுத்தும் நெம்புகோல்) உரசும், பிளேட் வழுக்கிக் கருகும். சின்னக் கோளாறைப் பெரிய செலவாக்க இதைவிடச் சுருக்குவழி கிடையாது. மாஸி ஃபெர்குசன் 135 போன்றவற்றில் இரட்டை கிளட்சும் வந்தது. பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தி நிற்கும், முழுசாக மிதித்தால் பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்) நிற்கும். அங்கே ஆட்டத்தை மாற்றினால் இரண்டு கட்டமும் நகரும்.

திருகுவதற்கு முன் இணைப்புகளையும் பாருங்கள். இணைப்பைப் பிடிக்கும் பின் (ஆணி போன்றது) நுழையும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் இன்று திருகியது நாளை மறுபடி தொளதொளக்கும். பின்னையும் புஷ்ஷையும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆட்டம் சரி, இணைப்பும் சரி, ஆனாலும் அரைக்கிறது என்றால் பிரிக்காமல் தீராது. பிளேட் வளைந்திருக்கலாம், அதன் நடுப்பகுதி ஸ்பிளைனில் (ஷாஃப்டின் மேல் உள்ள பள்ளங்கள்) துருப்பிடித்து நகராமல் இருக்கலாம், ஃபிங்கர்கள் ஒரே உயரத்தில் இல்லாமல் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) சாய்ந்து விலகலாம், பைலட் பேரிங் (ஷாஃப்டின் முன்நுனியைத் தாங்குவது) இறுகி இன்ஜினோடு ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றலாம். ரொம்ப நாள் நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு (இன்ஜினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) ஒட்டியிருப்பதும் சகஜம். அந்த ஒன்றுக்கு மட்டும், பிரிக்கும் முன், பெடலைக் கட்டையால் அழுத்தி வைத்து, நியூட்ரலில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். கியரில் போட்டு உலுக்கி விடுவிக்கச் சொல்வார்கள். வண்டி சட்டென்று பாயும், நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

பிரிக்கும்போது முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இரு பக்கமும் மரஆப்பு அடித்தே ஆக வேண்டும். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த இன்ஜின் பக்கவாட்டில் சாயும். இவ்வளவு வேலைக்குப் பிறகு பிளேட்டை மட்டும் மாற்றி, ரிலீஸ் பேரிங்கையும் பைலட் பேரிங்கையும் பழசாகவே விடுவது சிக்கனம் இல்லை. இவற்றில் ஒன்று போனாலும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். பிளேட்டை நடுவில் நிறுத்த பழைய கிளட்ச் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் போதும், தனிக் கருவி வேண்டாம். சேர்த்து முடித்ததும் பெடல் ஆட்டத்தைப் புதிதாக அளந்து வைக்க வேண்டும்; தேய்ந்த பிளேட்டுக்கு வைத்த அளவு புதுசுக்குப் பொருந்தாது.