லப்டொப்பும் பழைய மொனிட்டரும்: பிளாஸ்மா, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ எது வசதி?

இறந்தவரின் நினைவாக அச்சிடும் நினைவு மலருக்குப் பக்கம் அமைக்கிறவர்களுக்கு இரண்டு திரை ஆடம்பரமில்லை. ஒன்றில் வீட்டுக்காரர் கையால் எழுதித் தந்த வாழ்க்கைக் குறிப்பின் ஸ்கான், மற்றதில் பக்கம் அமைக்கும் மென்பொருளான ஸ்கிரைபஸ். 31ஆம் நாளுக்கு முன் புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த வேலை செய்கிற பலரின் மேசையில் இருப்பது ஒரு 14 அங்குல லப்டொப்பும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த 19 அங்குல மொனிட்டரும்தான். லினக்ஸில் ஜன்னல், மெனு எல்லாவற்றையும் காட்டும் திரைச்சூழலைத்தான் டெஸ்க்டொப் என்கிறோம்; பிளாஸ்மா, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்றில் எது இந்தச் சோடியை ஒழுங்காகச் சமாளிக்கும்?

முதல் கரைச்சல் எழுத்தின் அளவு. 1920×1080 உள்ள 14 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 157 புள்ளிகள். 1440×900 உள்ள 19 அங்குலத்தில் 89தான். பெரிய திரையில் வடிவாகத் தெரிகிற எழுத்து லப்டொப்பில் எறும்பாகிவிடும். லப்டொப்பை 150 சதவீதத்திலும் மொனிட்டரை 100இலும் வைக்க வேண்டும்.

பிளாஸ்மாவில் இது இரண்டு நிமிட வேலை. 2024 பெப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 முதல், திரையில் படம் வரையும் புதிய முறையான வேலண்ட்தான் இயல்புநிலை. ஒவ்வொரு திரைக்கும் தனிச் சதவீதம் கொடுக்கலாம். க்னோமும் வேலண்டில் இதைச் செய்யும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் க்னோமில் 125, 150 போன்ற அளவுகளுக்குத் திரை அமைப்பில் ஒரு சுவிட்ச்சைத் திறந்துவிட வேண்டியிருக்கலாம். ஆனால் வேலண்டுக்கு முந்திய முறையான எக்ஸ்11இல் ஓடுகிற பழைய மென்பொருள்கள் மங்கலாகத் தெரியலாம். எக்ஸ்எஃப்சிஇ இங்கேதான் சறுக்குகிறது. 2024 டிசம்பரில் வந்த 4.20இலும் வேலண்ட் பரிசோதனை நிலையில்தான். எக்ஸ்11இல் எழுத்தின் அளவு இரண்டு திரைக்கும் பொது. ஒரு திரையை மட்டும் இழுத்துப் பெருப்பித்தால் எழுத்து கலங்கும். ஆங்கிலத்துக்கு அது பரவாயில்லை. தமிழில் ண-வா ன-வா என்று சுழி எண்ணிப் பார்க்க வேண்டிவரும். இறந்தவரின் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டால் யார் பதில் சொல்வது?

அடுத்தது கரண்ட். போனால் லப்டொப் பற்றரியில் ஓடும், மொனிட்டர் அணையும். அப்போது நடப்பது கேபிளைப் பொறுத்தது. டிஸ்பிளேபோர்ட் என்ற புதிய வகைக் கேபிள் என்றால் மொனிட்டர் கழன்றதாகவே பெரும்பாலும் கணினி எடுத்துக்கொண்டு, எல்லா ஜன்னலையும் லப்டொப்புக்குத் தள்ளிவிடும். கரண்ட் வந்ததும் பிளாஸ்மா அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். க்னோமும் வேலண்டில் பெரும்பாலும் அப்படியே. எக்ஸ்எஃப்சிஇ திரைகளின் ஒழுங்கை ஞாபகம் வைத்திருக்கும். ஜன்னல்களை நாம்தான் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டிவரும்.

பழைய மொனிட்டர்களுக்கு வரும் விஜிஏ கேபிளில் கதை நேர்மாறு. அணைந்த மொனிட்டர் இன்னும் இருப்பதாகவே கணினி நினைக்கும். ஸ்கிரைபஸ் அந்த இருட்டுத் திரையிலேயே கிடக்கும். மூன்றிலும் வழி ஒன்றுதான்: விண்டோஸ் சின்னமுள்ள கீயையும் ‘பி’யையும் அழுத்தி லப்டொப் திரையை மட்டும் தெரிவுசெய்தால் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

க்னோமுக்கு ஒரு விஷயத்தில் முழுப் புள்ளி கொடுப்பேன். அதில் வேர்க்ஸ்பேஸ், அதாவது ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி மேசை, மாற்றினால் இயல்பாக முதன்மைத் திரை மட்டுமே மாறும். கையெழுத்து ஸ்கானை மற்றத் திரையில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் அட்டை, தேவாரம், நன்றி நவிலல் என்று தாவிக்கொண்டே இருக்கலாம். பிளாஸ்மாவில் இயல்பாக இரண்டும் சேர்ந்து மாறும். ஸ்கான் ஜன்னலை எல்லா டெஸ்க்டொப்பிலும் தெரியும்படி பொருத்திவைத்தால் அதே பலன், ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் அது தனிச் சோலி.

என் தெரிவு பிளாஸ்மா. எழுத்துத் தெளிவும் கரண்ட் விவகாரமும் அன்றாடம் வருபவை. திரை இரண்டும் ஒரே அளவு, கணினியில் ராம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇயை விட வேறு எதையும் தேட மாட்டேன். அதன் குறையெல்லாம் சமமில்லாத சோடியில்தான் வெளிவரும்.

எதைப் போட்டாலும், எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் மலிவான அடப்டரில் கவனம். மொனிட்டரின் அளவுத் தகவலை அது கடத்தாவிட்டால் 1024×768க்கு மேல் தெரிவே காட்டாது. டெஸ்க்டொப்பைத் திட்ட முதல் அடப்டரை மாற்றிப் பாருங்கள்.