6,480 ரூபாய்க்கு ரெண்டு இரும்புத் தட்டு: ஆன்லைனில் பிரேக் டிஸ்க் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, எனக்கு பிரேக் டிஸ்க் விற்றவர்களிடமிருந்து கடைசி மின்னஞ்சல். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." எங்கே தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்தது என்று தெரியவில்லை. என் 6,480 ரூபாய் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். கார் ஸ்பேர்ஸ் மட்டும் விற்கிற ஓர் ஆன்லைன் தளம். பெயர் போடவில்லை. நான் கேஸ் போடப் போகிறேன். "அதுவரை வாயை மூடிக்கொண்டிரு" என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

வண்டி 2016 ஸ்விஃப்ட், 92,000 கிலோமீட்டர் ஓடியது. முன் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச் சத்தம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பது பேட். பேட் தேய்ந்து போனால் அதிலிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசி இப்படிக் கத்தும். எங்கள் மெக்கானிக் தம்பி சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கையும் அளந்தார். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும். கனம் அளக்கிற வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் விளிம்பைத்தான் அளக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரு ரூபாய்க் காசு வைத்து அளந்து, காசுகளின் கனத்தைக் கழித்தார். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனத்துக்கும் கீழே போயிருந்தது. "பேடு மட்டும் மாத்தினா ஆகாதுங்ணா, ரெண்டு டிஸ்க்கும் சேர்த்துத்தான்" என்றார். சரி, அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஸ்பேர்ஸ் கடையில் கேட்ட விலையை விட ஆன்லைனில் 1,350 ரூபாய் குறைவு. அந்த 1,350தான் என்னைக் கவிழ்த்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. விலையைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வந்தது, அதனால்தான் அவர்கள் போட்டிருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். "சார், அவசரப்பட்டு ஆர்டர் போடாதீங்க. ஆர்.சி. புக் போட்டோ அனுப்புங்க, சேஸ் நம்பர் வச்சு செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். கடைக்காரனே அவசரப்படாதே என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பார்ட் நம்பரோடு வாட்ஸ்அப்பில் பதில். "நூறு சதவீதம் கம்பெனி ஒரிஜினல் சார், பிட் ஆகலைன்னா நான் பொறுப்பு." அந்த வார்த்தைக்குத்தான் 6,480 ரூபாயை யுபிஐயில் தட்டினேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, இதை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். "பொருள் நீங்க வாங்கினது, அதுக்குக் கேரண்டி என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

புது டிஸ்க்கும் புது பேடும் ஒன்றோடொன்று படிய முதல் முந்நூறு கிலோமீட்டர் மிதமாகத்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். அதையும் செய்தேன். பழனிக்குப் போய் வந்தேன், ஊருக்குள் ஓட்டினேன். லேசாக ஓர் அதிர்வு இருந்தது, படியப் படியச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் குடும்பத்தோடு வால்பாறை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவு, எண் கீழேயிருந்து தொடங்குவதால் இறங்கும்போது குறைந்துகொண்டே வரும். இரண்டாம் கியரில்தான் இறங்கினேன், நியூட்ரலில் விடுகிற ஆள் நான் இல்லை. இருபத்தைந்தாவது வளைவு தாண்டியதும் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதற ஆரம்பித்தது. இன்னும் நாலைந்து வளைவு போனதும் கருகல் நாற்றம். பதினான்காவது பக்கம் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பெடல் கெட்டியாக இருந்தும் பிடிமானம் இல்லை என்றால் பேட் சூட்டில் பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் அப்புறம் மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் பின்சீட்டில் என் அம்மா "முருகா முருகா" என்று சொன்னதுதான்.

முதல் கியருக்கு இறக்கி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் ஓரங்கட்டினேன். எல்லோரும் ஆழியாறு அணையையும் வரையாட்டையும் பார்க்க நிற்கிற இடம். நான் முக்கால் மணி நேரம் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்பிக் கழற்றினோம். பேடின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, நகத்தால் சுரண்டினால் ஓரம் மண் மாதிரி உதிர்கிறது. பின்தகட்டில் இருக்க வேண்டிய ஷிம், அதாவது சத்தத்தைக் குறைக்கிற மெல்லிய தகடு, இல்லை. டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் எங்கேயும் பொறிக்கவில்லை. சக்கரத்தின் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டிய நடு ஓட்டை லொடலொடக்கிறது. அதே வெர்னியர், அதே காசு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே டிஸ்க்கிலேயே இடத்துக்கு இடம் கனம் மாறுகிறது, உதறல் வந்தது அதனால்தான். "இது டிஸ்க் இல்லீங்ணா, தட்டு" என்றார் தம்பி.

இனி அவர்கள் என்னை அலைக்கழித்த கதை. நல்ல தமிழில் பேசினவர் போனை எடுப்பதே இல்லை. பொது நம்பருக்கு அடித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பெயர், ஒவ்வொருவருக்கும் வால்பாறைக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர் "வண்டியில மாட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது சார்" என்றார். மாட்டாமல் பிரேக்கை எப்படிச் சோதிப்பது, வீட்டில் பூஜை அறையில் வைத்தா? இன்னொருவர், ரிட்டர்ன் பத்து நாள்தான், நீங்கள் பதினாறாம் நாள் வந்திருக்கிறீர்கள் என்றார். மூன்றாமவர் மெக்கானிக் தப்பாக மாட்டியிருப்பார் என்றார். நான்காவது பெண்மணி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பொருள் பழுது என்று லெட்டர் வாங்கி வரச் சொன்னார். வெளியில் வாங்கின பொருளுக்கு அவர்கள் ஏன் லெட்டர் கொடுப்பார்கள்? கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள். பதினோரு போட்டோ, இரண்டு வீடியோ அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை" என்று பதில். ஒரு நாள் பிக்கப் வருகிறது என்று மெசேஜ் வந்து, லீவு போட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் அது ரத்து. காரணம், "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை". வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் ஐயா!

எனக்கு விற்ற கடையின் பக்கமே இப்போது அந்தத் தளத்தில் இல்லை. அதே டிஸ்க், அதே படம், வேறு கடைப் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. விலை 6,480 ரூபாயேதான்.

மாட்டின கூலி, மறுபடி ஸ்பேர்ஸ் கடையில் முழு விலைக்கு வாங்கிய டிஸ்க், பேடு இதெல்லாம் தனிக் கணக்கு. அதைக் கூட்டிப் பார்க்க மனசு வரவில்லை.

டிஸ்க் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி மூன்றாகிவிட்டது. அதனால் சுருக்கமாக. பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம் வருடம், வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். என் பெட்டியில் எம்.ஆர்.பி. மட்டும் ஸ்டிக்கரில் இருந்தது, சுரண்டினால் கையோடு வந்துவிட்டது. டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறிக்கவில்லை என்றால் மாட்டவே மாட்டாதீர்கள். மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் அளந்து படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ. ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். புது பிரேக்கோடு நேரே மலைக்குப் போகாதீர்கள், முக்கியமாக ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் நன்றாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிப்படி குறைதீர் அதிகாரியின் பெயரைத் தளத்தில் போட்டாக வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசிப் பேசிச் சாகாமல் முதல் நாளே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நான் அதை மூன்றாவது வாரம்தான் செய்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாதாம். அந்த ரெண்டு தட்டும் மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பையில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் வந்தால் போட்டுவிடச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். தீர்ப்பு வருகிற வரைக்கும் போட மாட்டேன்.