சாயம் போட்ட போர்டு, போடாத போர்டு: குன்னூரில் ஏழு வருடம்

என்னிடம் இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று 2018-இல் கோயம்புத்தூரில் புதிதாக வாங்கியது. ஃபிங்கர்போர்டு, அதாவது கம்பிகளை விரலால் அழுத்தும் பலகை, அட்டக்கறுப்பு. கடைக்காரர் "எபனி மாதிரி சார்" என்றார். எபனி என்றால் விலை கூடிய கறுப்பு மரம். அந்த 'மாதிரி' என் காதில் சரியாக விழவில்லை. இன்னொன்று அடுத்த வருடம் நண்பர் ஒருவரிடம் பழசாக வாங்கியது. ஈட்டி (ரோஸ்வுட்) மரப் போர்டு, வறுத்த காப்பிக்கொட்டை நிறம், நடுவே ஊதா கலந்த வரிகள். இரண்டும் குன்னூரில் ஒரே அறையில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது.

கறுப்புப் போர்டில் வாசித்த முதல் மாதங்களில் விரல் நுனி கறுத்தது. கம்பியின் அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் போர்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் தலைவலிக்கும் நீலகிரித் தைலம், மூக்கடைப்புக்கும் அதே தைலம், ஸ்டிக்கர் பசை போகவும் அதே தைலம். கைக்கு எட்டியதை எடுத்து வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். துணி அடுப்புக்கரி துடைத்தது போல ஆனது. இரண்டாம் ஃப்ரெட் (போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பக்கத்தில் வெளிர் பழுப்பு எட்டிப் பார்த்தது. தைலம் நல்ல கரைப்பான் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் கறுப்பு என்பது மரத்தின் நிறம் என்றே நம்பியிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். துணியில் நிறம் ஒட்டினாலே சாயம் என்று முடிவு கட்டக்கூடாது. ஈட்டி மரமும் துடைத்தால் கொஞ்சம் பழுப்பு விடும், அது மரத்தின் சொந்தச் சத்து. அதனால் போர்டின் பக்கவாட்டையும், ஒலித்துளை பக்கம் முடியும் வெட்டுமுகத்தையும் பாருங்கள். எபனியின் இழை நெருக்கமானது, நுண்துளைகள் கண்ணுக்கு எளிதில் படாது. கோடு கோடாகத் துளைகள் தெரிந்தும் போர்டு மை போலக் கறுத்திருந்தால் சாயத்தைச் சந்தேகிக்கலாம். கருங்காலி மாலையைத் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிற நம் ஆட்கள், அதைப் போல பல மடங்கு விலையுள்ள கிட்டாரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்குகிறோம்.

மூன்றாம் வருடம் கறுப்புப் போர்டின் ஃப்ரெட் தேய்ந்து கம்பி ரீங்கரிக்கத் தொடங்கியபோது, மர வேலை செய்யும் ஒரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். பக்கவாட்டில் லேசாக உப்புத்தாள் போட்டு, தூளை முகர்ந்து பார்த்தார். "ஈட்டின்னா தேய்க்கும்போதே வாசம் வந்திரும் தம்பி. இது ஏதோ வெள்ளை மரம், மேல மட்டும் கறுப்பு."

சாயம் மேலோடு நின்றதா, உள்ளே வரை ஊறியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊறிய சாயம் அழுத்தும் இடத்தில் தேய்ந்தாலும் கறுப்பாகவே இருக்கும். என்னுடையது முதல் வகை.

குன்னூரின் ஈரம் தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். தை, மாசியில் காற்று காய்ந்து போகும். மரம் அகலவாக்கில் சுருங்கும், ஃப்ரெட் கம்பி சுருங்காது. அதனால் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். கறுப்புப் போர்டில் இது இரண்டு முறை நடந்தது, அரம் போட வேண்டி வந்தது. ஈட்டிப் போர்டில் ஒரு முறைகூட இல்லை. பழியைச் சாயத்தின் மேல் போட மாட்டேன். அடியில் இருந்த மரம் சரியாகப் பதப்படாதது. ஈட்டியோ இயல்பிலேயே அடக்கமான மரம்.

வெளுத்த இடத்தை நானே கறுப்பாக்கிப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். வினிகரில் இரும்புக் கம்பளியை ஒரு வாரம் ஊறவைத்தேன். போர்டில் முதலில் கடுந்தேயிலைச் சாற்றைத் தடவி, காய்ந்ததும் அந்த இரும்புக் கரைசலைப் பூசினேன். தேயிலையின் டானினும் (துவர்ப்புச் சத்து) இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், பழைய காலத்து மை செய்த அதே முறை. இங்கே வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரத்தின் பட்டையிலும் அதே டானின்தான், தோல் பதனிட உதவியது. என் கண்ணெதிரே மரம் கருநீலமாகி, கறுப்பானது. பெருமை தாங்கவில்லை. எட்டு மாதத்தில் ஜி கார்டும் சி கார்டும் பிடிக்கும் இடங்களில் பழுப்பு மறுபடி வந்துவிட்டது. தோலளவு நிறம் அவ்வளவுதான். அதோடு விட்டுவிட்டேன்.

ஓசையில் வித்தியாசம் உண்டா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு போர்டுகளை என்னால் பிரிக்க முடியாது. முன்பலகையும் உடம்பும் ஓசையை மாற்றுகிற அளவுக்குப் போர்டு மாற்றாது.

அசல் எபனிக்கும் சாயம் போடுவது வழக்கம்தான். எல்லா எபனியும் ஒரே கறுப்பு அல்ல, பல மரங்களில் பழுப்பு வரிகள் ஓடும். கேமரூனில் 2011-இல் மரம் அறுக்கும் ஆலை வாங்கிய அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான டெய்லர் வரியோடிய எபனியையும் பயன்படுத்தத் தொடங்கியது. ஈட்டிக்கு 2017 தொடக்கத்தில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாடு இறுகியது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. அந்த இடைவெளியில் பல நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. நம் மாநிலத்திலோ பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாதபடி பல வருடம் தனிச் சட்டம் இருந்தது. ஆகவே சாயம் போட்ட மரத்தை ஏளனம் செய்ய மனமில்லை. அடியில் என்ன மரம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் நான் வாங்குவேன். சொல்லாமல் 'மாதிரி' என்றால் மாட்டேன். மலையில் இருப்பவர் என்னைக் கேட்டால், நிறம் போடாத ஈட்டி. கறுப்புதான் வேண்டுமென்றால் உள்ளே வரை சாயம் ஊறியது, பக்கவாட்டைப் பார்த்துத்தான்.

பராமரிப்பில், ஈட்டிப் போர்டுக்கு வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், ஆளிவிதை எண்ணெய் நாலு துளி, துடைத்துவிட்டால் போதும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள். கறுப்புப் போர்டைக் காய்ந்த துணியால் மட்டும் துடைக்கிறேன். தைலம் மருந்துப் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.