குறள் மனப்பாடம், கைபேசிச் செயலி, மரக் குறிப்பேடு: பிள்ளைகள் வீட்டில் விரும்பிக் கற்பதற்கு எது பொருத்தம்?

பள்ளிப் பாடத்துக்கு வெளியே, யாருடைய கட்டாயமும் இல்லாமல், பிள்ளைகள் ஏதேனும் ஒன்றைத் தாமாக எடுத்துக்கொண்டு கற்க வேண்டும் என்று விரும்பி, சென்ற ஆண்டு ஜூன் மாதம் எங்கள் திருச்சி வீட்டில் மூன்று வழிகளைத் தொடங்கினோம். திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்வது ஒன்று. மொழி கற்பிக்கும் கைபேசிச் செயலியில் நாளுக்கு ஒரு பாடம் முடிப்பது மற்றொன்று. வீட்டெதிரே நிற்கும் புங்க மரத்தையும் அங்கு வரும் பறவைகளையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது மூன்றாவது. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. பதினாறு மாதங்கள் கழிந்த நிலையில், மூன்றாவது மட்டுமே, தொடங்கிய வடிவிலேயே, இடையில் எத்தனை முறை நின்றாலும் மீண்டும் தொடர்ந்துகொண்டிருக்கிறது. என் சாய்வு அதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. குறளுக்கு ஒரு கையடக்கப் பதிப்பு போதும், செயலியின் இலவச வடிவம் போதும், மரத்துக்கு நூறு பக்க நோட்டு போதும். நேரமும் மூன்றிலும் தாங்கக்கூடிய அளவே: குறளுக்கு நாளுக்கு இருபது நிமிடம், செயலிக்குப் பத்து நிமிடம், மரத்துக்கு வாரம் ஒருமுறை கால் மணி நேரம்.

தொடங்கும்போது நான் எண்ணிப் பார்க்காததும், பின்னர் எல்லாவற்றையும் தீர்மானித்ததும் ஒரே கேள்விதான்: இடையில் விட்டுப்போனால் பிள்ளை மீண்டும் வந்து சேர முடிகிறதா? காய்ச்சல், அரையாண்டுத் தேர்வு, ஊரில் கோயில் கொடை, உறவில் ஒரு திருமணம் என்று பள்ளி செல்லும் பிள்ளையின் ஆண்டில் இடைவெளிகள் வந்தே தீரும். கட்டாயப் பாடமாக இருந்தால் ஆசிரியர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடுவார். விருப்பத்தின் பேரில் எடுத்ததற்கு அப்படி இழுக்கும் கை கிடையாது. ஆகவே ஒரு முயற்சி எவ்வளவு ஆர்வத்தோடு தொடங்குகிறது என்பதைவிட, இருபது நாள் இடைவெளிக்குப் பிறகு அதன் வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது கருதுகிறேன்.

குறளை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு என்று கணக்கிட்டால் 1330 குறள்களுக்கு 665 நாள்கள், அதாவது ஏறத்தாழ ஓராண்டு பத்து மாதம். 1330 குறள்களையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசுத் தொகையும் சான்றிதழும் வழங்குவதால் எட்டத்தக்க இலக்கும் ஒன்று இருக்கிறது. மகள் டிசம்பர் தொடக்கத்தில் புகழ் அதிகாரம் வரை, அதாவது இல்லறவியல் முடிய 240 குறள்களைச் சொன்னாள். அவற்றின் ஓசை அவள் பேச்சிலும் எழுத்திலும் இறங்கியதைக் கண்டு மகிழ்ந்தேன். பிறகு தேர்வும் விடுமுறைப் பயணமுமாக மூன்று வாரம் போயிற்று. திரும்பி வந்தபோது, விருந்தோம்பலில் ஒரு குறளும் இனியவை கூறலில் ஒரு குறளும் ‘அகனமர்ந்து’ என்றே தொடங்குவதால், ஒன்றைத் தொடங்கி மற்றொன்றில் முடித்தாள். இப்படிப் பல இடங்களில் குழம்பியது. புதிதாக இரண்டு கற்பதற்கு முன் பழைய நூறைச் சரிசெய்ய வேண்டும் என்ற நிலை வந்ததும், அவள் முகம் வாடியது. மனப்பாடத்தின் இயல்பே இதுதான்: ஏறிய படிகளும் கவனிக்காவிட்டால் கரைந்துபோகின்றன.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறும் செய்தோம். ஊக்கப்படுத்துவதற்காக அவளுடைய தாத்தா குறளுக்கு ஐந்து ரூபாய் தருவதாக அறிவித்தார். சில நாள்கள் வேகம் கூடியது. அதன்பின் அவள் ஒவ்வோர் அதிகாரத்திலும் கடினமான குறளைத் தள்ளிவைத்துவிட்டு எளியதைத் தேடத் தொடங்கினாள். 1973ஆம் ஆண்டு லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் தாமாக விளையாடும் நேரத்தில், மற்றக் குழந்தைகளைவிட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இறுதியில் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு நேரவில்லை. ஆர்வமே இல்லாத ஒன்றில் முதல் அடி எடுத்துவைக்கப் பரிசு உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடித்துச் செய்வதற்கு விலை குறிப்பது தீங்கு என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மகன் 71 நாள்கள் விடாமல் செய்தான். உச்சரிப்பு கேட்டுப் பழகுவதற்கும், தவறை உடனே திருத்திக்கொள்வதற்கும் மற்ற இரண்டையும்விட அது வசதியானது. எழுபத்திரண்டாம் நாள் காய்ச்சல்; இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது தொடர் நாள் கணக்கு சுழியத்தில் நின்றது. கற்ற சொற்கள் எங்கும் போகவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். எழுபத்தொன்று போய்விட்டது என்பதே அவனுக்குத் தெரிந்தது; அழுதான், அதன்பின் அதைத் திறக்கவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகள் அந்த எண்ணை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நேரில் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

மரக் குறிப்பேட்டின் முறை நாங்களாகக் கண்டுபிடித்ததன்று. சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், கனி ஆகியவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிகிறார்கள். அதையே நோட்டில் கட்டம் போட்டுத் தொடங்கினோம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வந்தது; 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் இதில், குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். பிள்ளைகள் மாடியில் நின்று காகம், மைனா, மாடப்புறா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, கரிச்சான் என ஏழு வகைகளை எண்ணினார்கள். என் கணக்கில் பதிந்தேன். தாங்கள் எண்ணியதும் மாநிலம் முழுவதற்குமான கணக்கில் சேர்ந்தது என்ற மகிழ்ச்சி பல நாள் நீடித்தது.

இடைவெளி இங்கும் வந்தது. மாசியில் இரண்டு வாரம் யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. மீண்டும் நோட்டைத் திறந்தபோது, முந்தைய பதிவில் இலை உதிர்ந்து ஏறக்குறைய மொட்டையாக இருந்த மரம், எதிரே பளபளக்கும் தளிரோடு நின்றது. இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. ஆனால் எதுவும் அழியவில்லை, எதையும் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கவில்லை. மாறாக, தளிர் எந்த நாளில் வந்தது என்ற கேள்வி மகளைப் பிடித்துக்கொண்டது. தினமும் வாசல் பெருக்கும் எதிர்வீட்டுப் பாட்டியிடம் போய், சருகு விழுவது எப்போது நின்றது என்று விசாரித்து வந்தாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை அது. வரும் மாசியில் அந்த வாரங்களைத் தவறவிடக் கூடாது என்று நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

பெற்றோர் கேட்கும் கேள்வியும் இதனால் மாறியது. குறளிலும் செயலியிலும் “இன்று முடித்தாயா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தோம், மரத்தில் “என்ன தெரிந்தது?” என்று கேட்கத் தோன்றுகிறது. முதல் கேள்விக்குத் தலையை ஆட்டினால் போதும், இரண்டாவதற்குப் பிள்ளை பேசியாக வேண்டும்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கணக்கிலோ ஆங்கிலத்திலோ மதிப்பெண் கூட வேண்டும் என்பது நோக்கமானால் இது நேரடியாக உதவாது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இது நிலைக்குமா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். இயல்பாகவே ஓசையில் மயங்கும் பிள்ளைக்குக் குறள்தான் முதல் தேர்வு. என் மகளும் இப்போது பணம் எதுவுமின்றி, மாதம் ஓர் அதிகாரம் என்று அருளுடைமையிலிருந்து தாத்தாவோடு மீண்டும் தொடங்கியிருக்கிறாள்.

வீட்டெதிரே மரம் இல்லாதவர்கள் பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள வேம்பையோ கொன்றையையோ எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் அதே மரமாக இருக்க வேண்டும், அவ்வளவே.